ஓடுற வேன் ஏன் நிக்குது? வாசகர் கேள்வி – பதில்

பழைய வேன் வைத்திருப்பவர்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி ஆஃப் ஆகிறது. அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம். மைலேஜ், டயர், பெயின்ட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

சார், என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. பதினைந்து இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடும். அப்புறம் திடீரென்று நின்றுவிடும், எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எடுக்காது. அரை மணி நேரம் ஓரங்கட்டிவிட்டு டீ குடித்து வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பிளக், பிளக் ஒயர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாச்சு. இப்போது கார்புரேட்டரையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? – ஒரு வாசகர், திண்டுக்கல்

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். கார்புரேட்டரில், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடுகிற பாகத்தில், அடைப்பு என்றால் அது காலையிலும் இருக்கும், மாலையிலும் இருக்கும், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சரியாகிவிடாது. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சின்ன இன்ஜின்தான், ஆனால் காற்று தாராளமாகப் புழங்காத இடத்துக்குள் கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வேகின்றன. சூட்டில் மட்டும் கைவிடுகிற பாகம் எது என்றுதான் தேட வேண்டும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நிற்பதற்கு முந்தைய அரை நிமிடம் வண்டி எப்படி நடந்துகொள்கிறது? சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி ஒரே வெட்டாக ஆஃப் ஆனால், பெரும்பாலும் கரண்ட் பக்கம் கோளாறு. இழுவை குறைந்து, திணறி, இரண்டு மூன்று குலுக்கு குலுக்கி, ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் மோசமாகி அப்புறம் நின்றால் பெட்ரோல் பக்கம். இது நூற்றுக்கு நூறு சரியாக வரும் விதி இல்லை, ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடும். மெக்கானிக்கிடம் போனதும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 'வண்டி நிக்குதுண்ணே' என்று மட்டும் சொன்னால் அவர் ஊகத்தில்தான் பாகம் மாற்றுவார், அவர் மேல் தப்பில்லை. வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுபோவதற்குள் அது ஆறிவிடுகிறது, அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மனுஷன் என்னதான் செய்வார்?

ஆகவே சோதனை நடக்க வேண்டிய இடம் ரோட்டோரம், வண்டி நின்ற அந்தப் பத்து நிமிடம். ஒரு பழைய நல்ல பிளக், பிளக் ஸ்பேனர், டெஸ்ட் லேம்ப், டார்ச், ஒரு துணி, ஒரு பாட்டில் தண்ணீர், இவ்வளவும் சீட்டுக்குப் பின்னால் கிடக்கட்டும். வண்டி நின்றதும் சீட்டைத் தூக்குங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அதோடு நிறுத்துங்கள், பொறி வரவைக்கிற வேலையே வேண்டாம். வாடை இல்லையென்றால் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கையில் உள்ள பிளக்கில் சொருகி, அதன் இரும்பு உடம்பு இன்ஜின் பிளாக்கில் படும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கூட வந்தவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் படபடவென்று பொறி வந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. பொறியே இல்லை, அல்லது மஞ்சளாகச் சோனியாக வருகிறது என்றால் கார்புரேட்டர் பக்கமே போக வேண்டியதில்லை.

பொறி இல்லையா? பேட்டரி கரண்டைப் பொறி வருகிற அளவுக்கு ஏற்றிக் கொடுக்கிற இக்னிஷன் காயிலின் பிளஸ் முனையில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். சாவி ஆனில் விளக்கு எரியவில்லை என்றால் காயில் வரைக்கும் கரண்டே வரவில்லை. ஃப்யூஸ், சாவி சுவிட்ச், ஒயர் ஜாயிண்ட் இதில் ஒன்று. விளக்கு எரிகிறது, பொறி மட்டும் இல்லை என்றால் காயில் மேலேயே சந்தேகம். காயிலுக்குள் மயிரிழை கனத்தில் பல ஆயிரம் சுற்றுக் கம்பி இருக்கிறது. வயதானால் உள்ளே எங்காவது ஓர் இடத்தில் கம்பி விடுபடும், இல்லாவிட்டால் இன்சுலேஷன் போகும். குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறி விரிந்ததும் விலகிவிடும். சாவியை ஆஃப் செய்துவிட்டு ஈரத்துணியைப் பிழிந்து காயில் மேல் சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். அரை மணி நேரம் எடுக்கிற வண்டி ஐந்தே நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் கள்ளன் அகப்பட்டான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் வைத்த பழைய வண்டியாக இருந்தால் கண்டன்சரையும் பாருங்கள், பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டன்சர் போய்விட்டது என்று அர்த்தம். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னைட்டர் வைத்த வண்டியில் அந்த இக்னைட்டரும் இதே மாதிரி சூட்டில் மயங்கும்.

பொறி நன்றாக வருகிறது என்றால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் லீவரைக் கையால் ஒரு தரம் இழுங்கள். உள்ளே மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் கிண்ணம் காலி, டேங்கிலிருந்து வரவில்லை. உடனே போய் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, அதற்குப் பிறகு வண்டி எடுத்துக்கொண்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் உறிஞ்சினால் பாட்டில் ஒடுங்கி, அப்புறம் தண்ணீரே வராது அல்லவா, அதே கதைதான். காயிலோ கார்புரேட்டரோ வாங்குகிற காசில் பத்து மூடி வாங்கலாம். ஆனால் இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை.

மூடி சரியென்றால் பம்ப். கார்புரேட்டர் ஆம்னியில் பம்ப் இன்ஜினில் பொருத்தியிருக்கும், ரப்பர் டயாஃப்ரம் ஏறி இறங்கித்தான் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலோடு கலக்கவும் வாய்ப்புண்டு. ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் பம்பையும் ஆயிலையும் மாற்றுங்கள். இல்லையென்றால் இன்ஜின் பேரிங் போகும்.

எல்லாம் சரி, ஆனாலும் மே மாத மத்தியானத்தில், டிராஃபிக்கில் மாட்டி ஊர்ந்த பிறகுதான் நிற்கிறது என்றால் அது ஆவி அடைப்பு. பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகிற பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் சுலபம். குழாயில் ஆவி நின்றுவிட்டால் பம்ப் ஆவியைத்தான் மென்றுகொண்டிருக்கும், பெட்ரோல் வராது. பம்ப் மேலும் லைன் மேலும் ஈரத்துணி போட்டால் சரியாகும். நிரந்தர வைத்தியம் வேண்டுமென்றால், டேங்குக்குத் திரும்பிப் போகிற ரிட்டர்ன் லைன் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள், இன்ஜின் சூடு படுகிற இடத்தில் போகிற ஹோஸைத் தள்ளிக் கட்டுங்கள். சூடு தாங்கும் உறை போட்டாலும் நல்லது.

உங்கள் கடிதத்தில் 'திடீரென்று' என்று எழுதியிருக்கிறீர்கள், திணறுகிறது என்று எங்கும் இல்லை. என் கை முதலில் காயிலுக்குத்தான் போகும்.

எங்கள் வீட்டுக்காரர் ஓட்டுவது பழைய ஆம்னி கார்கோ. ஓடும்போது பிரச்சினை இல்லை. சிக்னலில் கால் எடுத்தால், வேகத்தடையில் பிரேக் போட்டால் ஆஃப் ஆகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருந்தால் நிற்பதில்லை. ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி வைத்தார்கள், இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே கதை. – ஒரு வாசகி, சிவகாசி

ஸ்க்ரூவை ஏற்றி வைப்பது காய்ச்சலுக்கு நெற்றியில் பற்று போடுகிற வேலை, அதை விடுங்கள். கால் எடுத்தால் நிற்கிறது என்றால் ஐடிலிங் பாதையில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் போகிற வழியில், பெட்ரோல் குறைகிறது, அல்லது எங்கிருந்தோ வேண்டாத காற்று நுழைகிறது.

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு ஒயரோடு விரல் கனத்தில் ஒரு சொலினாய்டு இருக்கும். சாவி ஆனில் அது திறந்து ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும், ஆஃப் செய்தால் மூடும். உங்கள் வீட்டுக்காரர் ஒயரின் முனையைக் கழற்றி மாட்டும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறதா என்று கேட்கட்டும், இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் ஒன்று ஒயரில் கரண்ட் இல்லை, அல்லது சொலினாய்டு செத்துவிட்டது. ஒயர் முனை தளர்ந்து, குலுங்கும்போதெல்லாம் விட்டு விட்டுப் பிடிப்பதும் உண்டு. இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி கெடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சத்தம் வருகிறது என்றால் ஐடில் ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும்.

பிரேக் போட்டால் நிற்கிறது என்று தனியாக எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியம். வண்டியில் பிரேக் பூஸ்டர் (இன்ஜின் உறிஞ்சுவிசையால் பிரேக் மிதிக்கு உதவுகிற பாகம்) இருந்தால், இன்ஜினிலிருந்து அதற்குப் போகிற தடித்த ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு பிரேக்கை மிதியுங்கள். மிதித்ததும் இன்ஜின் தள்ளாடுகிறது, காலுக்கடியில் காற்று இழுக்கிற சத்தம் தொடர்ந்து வருகிறது என்றால் பூஸ்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இது வெறும் இன்ஜின் பிரச்சினை இல்லை, பிரேக் பிரச்சினை. சரக்கு ஏற்றுகிற வண்டி வேறு. தள்ளிப்போடாதீர்கள்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்த பிறகுதான் என் 2002 வேன் இப்படி ஆனது. மெக்கானிக்கும் அதைத்தான் சொல்கிறார். எத்தனால்தான் காரணமா, இல்லை சும்மா பழி போடுகிறார்களா? – ஒரு வாசகர், வேலூர்

இரண்டும் உண்டு. இப்போது எல்லாக் கோளாறுக்கும் எத்தனாலைக் கை காட்டுவது மெக்கானிக்குகளுக்கு வசதியாகிவிட்டது. ஆனால் பழைய வண்டிக்கு அதனால் மெய்யாகவே தொல்லை இல்லை என்று சொல்கிறவர்களையும் நான் நம்ப மாட்டேன்.

பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்ததும், அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் தேவை. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டி, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெட்ரோல் பீய்ச்சுகிற வண்டி, இதைத் தானே உணர்ந்து ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது, ஜெட் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். அதனால் கலவை மெலிந்துபோகும். ஏற்கெனவே ஜெட் லேசாக அடைத்து, எங்கோ கொஞ்சம் காற்று கசிந்து, எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த வண்டி இப்போது காலை நேரத்திலும் ஐடிலிங்கிலும் நிற்கத் தொடங்கும். எத்தனால் புது நோயைக் கொண்டுவரவில்லை, மறைந்திருந்ததை வெளியே கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரப்பர். அந்தக் காலத்து ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் இவ்வளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, மெத்தென்று ஆகி, உள்சுவர் உரிந்து துணுக்குகளாக ஃபில்டருக்கு வரும். ஃபில்டரை மாற்றும்போது பழையதைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பாருங்கள். கறுப்புத் துகள் இருந்தால் ஹோஸ், செம்பழுப்புத் தூள் இருந்தால் டேங்க் துரு. ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்குவதா என்று கேட்டு வாங்குங்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற ஏதோ ஒரு ரப்பர் குழாய் வேண்டாம். சின்ன விஷயம்தான், ஆனால் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது, தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாசக்கணக்கில் பாதி டேங்கோடு நிறுத்தி வைக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான்.

2012 மாருதி ஈகோ வேன். பைபாஸில் போகும்போது ஒரே வெட்டாக ஆஃப் ஆகிறது. சில சமயம் இன்ஜின் விளக்கு எரிகிறது, சில சமயம் இல்லை. பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேன் செய்ததில் எதுவும் இல்லை என்றார்கள். – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இது கார்புரேட்டர் வண்டியின் காயில் கதைக்குத் தம்பி. எம்பிஎஃப்ஐ வண்டியில் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) எந்த இடத்தில் சுற்றுகிறது என்று ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியாது, பெட்ரோல், பொறி இரண்டையும் நிறுத்திவிடும். இந்தச் சென்சாருக்குள்ளும் கம்பிச் சுற்றோ எலக்ட்ரானிக் சில்லோதான் இருக்கிறது, சூட்டில் விடும், ஆறினால் பிடிக்கும். பி0335 என்று கோட் வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 என்றால் கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) சென்சார் சர்க்யூட். கோட் வந்ததும் சென்சாரை மாற்றிவிடாதீர்கள், ஒயரும் கனெக்டரும்கூட அதே கோடைக் கொடுக்கும்.

கோட் பதிவாகாமல் நிற்பதும் உண்டு, அதனால் 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்பது விடை ஆகாது. ஸ்கேனரை மாட்டி, வண்டி நின்று எடுக்காமல் இருக்கிற அந்த நேரத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது 200, 300 என்று ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் சென்சார் பக்கம் கை வைக்கலாம். ஷெட்டில் வண்டி ஆறி இருந்தால், ஹீட் கன் வைத்துச் சென்சாரை மிதமாகச் சூடாக்கிப் பார்க்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆர்பிஎம் வருகிறது, ஆனாலும் எடுக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்ப். இதில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. சாவியை ஆனில் வைத்ததும் பின்பக்கம் இரண்டு நொடி 'விர்ர்' என்று சத்தம் கேட்க வேண்டும், கூட ஒருவரைப் பின்னால் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சத்தமே இல்லை என்றால் பம்பை வாங்குவதற்கு முன் அதற்குக் கரண்ட் விடுகிற ரிலேவைப் பாருங்கள். அதே பெட்டியில் அதே நம்பர் போட்ட வேறு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லாத சோதனை. இன்னொன்று, டேங்கில் எப்போதும் கொஞ்சமே கொஞ்சம் பெட்ரோல் போட்டு ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். பம்பைச் சுற்றியிருக்கிற பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

எங்களிடம் பழைய டொயோட்டா லைட்ஏஸ் டீசல் வேன் நிற்கிறது. 2022 தட்டுப்பாட்டு நேரம் கான்களில் சேர்த்து வைத்த டீசலை ஊற்றி ஓடினோம். பிறகு ஒழுங்காக இல்லை. ஏற்றத்தில் இழுவை குறைந்து நின்றுவிடும். ஃபில்டருக்கு மேலே உள்ள பம்பைக் கையால் அடித்தால் திரும்ப ஸ்டார்ட் வரும். – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

கைப் பம்பை அடித்தால் எடுக்கிறது என்றால் டீசல் போதாமல்தான் நிற்கிறது. டீசல் இன்ஜினுக்குப் பொறி வேண்டாம், அதனால் தேட வேண்டிய இடமும் பாதியாகக் குறைந்துவிட்டது.

கானிலும் பீப்பாயிலும் கிடந்த டீசலில் தண்ணீர் சேரும், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கூழ் மாதிரி படியும். நீங்கள் ஃபில்டரை மாற்றியிருந்தாலும் டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் வாயில் உள்ள வலையில் அந்தக் கூழ் இருக்கும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் கண்ணாடிக் கிளாசில் வடித்துப் பாருங்கள். தண்ணீரோ கறுப்போ வந்தால் டேங்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டர் மேல் ஃபில்டர் மாற்றுவது வீண் செலவு.

வடித்தது சுத்தமாக இருந்தால் காற்று. டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சுகிற பக்கம் என்பதால், ஹோஸில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஃபில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ் போட்டு இன்ஜினை ஓடவிடச் சொல்லுங்கள். குமிழி ஓடினால் காற்று இழுக்கிறது. கைப் பம்பின் ரப்பரே வெடித்துக் காற்று இழுப்பதும் சகஜம். உங்கள் வேன் ஒரே வெட்டாக நிற்கிறது என்றிருந்தால் இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்டாப் சொலினாய்டின் ஒயரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன், ஆனால் இழுவை குறைந்து நிற்கிறது என்பதால் அது கடைசி.

பள்ளத்தில் இறங்கினால், வேகத்தடை ஏறினால் ஆஃப் ஆகி, அடுத்த நொடியே தானாக ஓடவும் செய்கிறது. – ஒரு வாசகர், ஓசூர்

குலுக்கலில் நின்றால் சூட்டையெல்லாம் மறந்துவிட்டு ஜாயிண்டுகளைப் பிடியுங்கள். பேட்டரி டெர்மினல், பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் ஒயர், ஃப்யூஸ் பெட்டி, காயில் ஒயர், கடைசியாகச் சாவி சுவிட்ச். இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் அசையுங்கள், பிளக் ஒயரை மட்டும் தொடாதீர்கள். எதை அசைத்தால் இன்ஜின் தள்ளாடுகிறதோ அதுதான்.

சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் தொங்குகிறதா? கழற்றுங்கள். அந்த எடை குலுங்கிக் குலுங்கியே சுவிட்ச் தேயும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2014இல் சுமார் 26 லட்சம் சின்ன கார்களைத் திரும்ப அழைத்தது. கனமான சாவிக்கொத்தோ குலுக்கலோ போதும், சுவிட்ச் 'ஆன்' நிலையிலிருந்து நழுவி, ஓடும்போதே இன்ஜின் நின்று ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. நூற்றுக்கு மேற்பட்ட சாவுகளுக்கு அந்தச் சுவிட்ச் காரணம் என்று பிற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டு இழப்பீடு கொடுத்தார்கள். உங்கள் சுவிட்ச் வேறு, ஆனால் தேய்மானம் எல்லாச் சுவிட்சுக்கும் உண்டு.

கொல்லிமலை இறக்கத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பிரேக் கல் மாதிரி ஆகிவிட்டது, பயந்துபோனோம். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? – ஒரு வாசகர், நாமக்கல்

எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு, பயந்ததில் ஆச்சரியமில்லை. பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் நின்ற பிறகும் இரண்டு மூன்று மிதிக்கு உதவி மிச்சமிருக்கும். விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். அது தீர்ந்துவிட்டாலும் பிரேக் போய்விடாது, முழு பலத்தோடு மிதித்தால் பிடிக்கும். வண்டி கியரிலேயே இருக்கட்டும், நியூட்ரலுக்குத் தள்ளாதீர்கள். சாவியை முழுவதுமாகத் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக இழுங்கள். ஓரங்கட்டியதும் முதல் வேலையாகச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பானெட்டையோ சீட்டையோ தூக்குவது அதற்கு அப்புறம்தான்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் வேண்டுமென்றே ஆஃப் செய்துவிட்டு உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ஆள் இல்லை என்று நம்புகிறேன்.

கேஸில் ஓடும் ஆம்னி. காலையில் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் நிற்கிறது, பெட்ரோலுக்கு மாற்றினால் ஓடுகிறது. – ஒரு வாசகர், தேனி

ரெடியூசரை, அதாவது திரவ கேஸை ஆவியாக்கி அழுத்தத்தைக் குறைத்து இன்ஜினுக்கு விடுகிற பாகத்தை, தொட்டுப் பாருங்கள். வெளியே பனி பிடித்திருந்தால் அதற்குள் வெந்நீர் சுற்றவில்லை. திரவமாக வருகிற கேஸ் ஆவியாக மாற வெப்பம் வேண்டும், அது ரேடியேட்டர் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. கூலன்ட் குறைந்திருக்கும், அல்லது ரெடியூசருக்குப் போகிற ஹோஸ் அடைத்திருக்கும். இன்ஜின் சூடாகும் வரை பெட்ரோலில் ஓட்டிவிட்டு மாற்றுவது நல்லது. இது ஆர்டிஓ பதிவு உள்ள, தேதி முடியாத டேங்க் என்று வைத்துக்கொண்டு சொன்ன பதில். வீட்டு சிலிண்டரைப் பின்னால் படுக்க வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் என்னிடம் பதில் இல்லை, முதலில் அதை இறக்குங்கள்.

இருபது வருட ஆம்னி வண்டி. நின்று நின்று போவதால் இன்ஜினையே இறக்கி வேலை பார்க்கணும் என்கிறார்கள். பெரிய தொகை சொல்கிறார்கள். செய்யலாமா? – ஒரு வாசகர், திருவாரூர்

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்குகிற அழுத்தம்) பார்த்தார்களா? அதை எழுதவில்லையே. மூன்று சிலிண்டரிலும் கேஜ் மாட்டி எடுத்த மூன்று எண்ணையும் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்து, புகை இல்லை, ஆயில் குடிக்கவில்லை என்றால் இன்ஜினை இறக்க எந்தக் காரணமும் இல்லை. இன்ஜின் தேய்ந்தால் இழுவை போகும், புகை வரும், காலையில் எடுக்கச் சிரமப்படும். நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு நட்டநடுவில் நின்று, அப்புறம் பழையபடி ஓடுவது தேய்ந்த இன்ஜினின் குணம் இல்லை. எண்களை எழுதித் தர மறுத்தால் வேறு ஷெட்டுக்குப் போங்கள். எண்கள் கிடைத்தால், வண்டி எப்படி நிற்கிறது, சூட்டிலா குளிரிலா, வெட்டாகவா திணறியா என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.